பள்ளிக் கட்டணத்துக்கு வரி: லண்டனில் நடந்ததும் காரைக்குடியில் கேட்கப்படுவதும்

காரைக்குடியில் இருக்கும் ஒரு தகப்பனார் கேட்ட கேள்விக்கான பதில் இது. அவருடைய தம்பி லண்டனில் குடும்பத்தோடு இருக்கிறார். அந்தப் பிள்ளைகள் படிக்கும் தனியார் பள்ளியில் கட்டணத்தின் மேல் 20 சதவீத வரி வந்துவிட்டது. இங்கே அவருடைய மகள் படிக்கும் பள்ளி அலுவலகத்திலும், "கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வரப்போகிறது, மூன்று வருடக் கட்டணத்தை இப்போதே கட்டிவிட்டால் வரி மிச்சம்" என்று சொல்கிறார்களாம். இது உண்மையா, இப்படி ஒரு வரி நியாயமா, பிள்ளையை எங்கே படிக்க வைப்பது என்பது பெற்றோரின் உரிமை அல்லவா என்று கேட்கிறார். செட்டிநாட்டுப் பகுதியில் பள்ளி அறக்கட்டளைகளின் கணக்குகளைத் தணிக்கை செய்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததையும் என் கருத்தையும் எழுதுகிறேன்.

உடனடியான பதில் எளிது. மழலையர் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிக் கல்விக்கு இந்தியாவில் ஜி.எஸ்.டி. இல்லை. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. நடைமுறைக்கு வந்தபோதே, அதே ஆண்டு ஜூன் 28 தேதியிட்ட 12/2017 அறிவிக்கையின் 66ஆம் பதிவில் இந்த விலக்கு எழுதப்பட்டுவிட்டது. அதை நீக்க வேண்டுமானால் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்க வேண்டும். அந்த மன்றத்தில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கும் மாநிலங்களின் வாக்குகளுக்கு மூன்றில் இரண்டு பங்கும் எடை உண்டு, நான்கில் மூன்று பங்கு ஆதரவு இல்லாமல் எந்த முடிவும் நிறைவேறாது. ஒரு பள்ளியின் கட்டண கவுன்ட்டரில் முன்கூட்டியே கசிந்துவிடக்கூடிய முடிவு அல்ல அது.

பிரிட்டனில் நடந்ததைச் சரியாகத் தெரிந்துகொண்டால் இரண்டு ஊருக்கும் உள்ள வேறுபாடு விளங்கும். 2024 ஜூலை 4 தேர்தலில் வென்ற தொழிற்கட்சி, தனியார் பள்ளிகளுக்கு இருந்த மதிப்புக் கூட்டு வரி விலக்கை நீக்குவதாகத் தேர்தல் அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. அந்த மாதம் 29ஆம் தேதி நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் வெளியிட்ட அறிவிப்பின்படி, 2025 ஜனவரி 1 முதல் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டின் மீதும் 20 சதவீத வரி வந்தது. கூடவே, இங்கிலாந்தில் அறக்கட்டளைகளாகப் பதிவான தனியார் பள்ளிகளுக்குக் கட்டட வரியில் இருந்த சலுகையும் 2025 ஏப்ரலில் நின்றது. இரண்டும் சேர்ந்து 2029-30 வாக்கில் ஆண்டுக்குச் சுமார் 180 கோடி பவுண்டு தரும் என்பது அரசின் மதிப்பீடு. அரசுப் பள்ளிகளுக்கு 6,500 ஆசிரியர்களைக் கூடுதலாக நியமிப்பது உள்ளிட்ட செலவுகளுக்கு இந்தப் பணம் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

வரி 20 சதவீதம் என்றாலும் கட்டணம் அதே அளவு உயர வேண்டியதில்லை. வரி வலைக்குள் வந்துவிட்ட பள்ளி, தான் வாங்கும் பொருள்களுக்கும் கட்டட வேலைகளுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெறலாம் என்பதால், உண்மையான சுமை 15 சதவீத அளவில் இருக்கும் என்று அங்குள்ள நிதி ஆய்வு நிறுவனம் கணித்திருந்தது. ஆனால் தனியார் பள்ளிகளின் கூட்டமைப்பு 2025 தொடக்கத்தில் எடுத்த கணக்கில், பகல் பள்ளிகளின் சராசரிக் கட்டணம் வரியோடு சேர்த்து முந்தைய ஆண்டைவிட 22.6 சதவீதம் கூடியிருந்தது. நீண்ட காலத்தில் தனியார் பள்ளிகளில் 37,000 மாணவர்கள் குறைவார்கள் என்று அரசே எதிர்பார்த்தது. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ 11,000 பேர் குறைந்திருந்தார்கள். இதில் எவ்வளவு வரியால், எவ்வளவு பிறப்பு விகிதம் சரிந்ததால் என்பதில் இரு தரப்பும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. சமயச் சார்புள்ள சிறு பள்ளிகளும், சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளின் பெற்றோரும் தொடுத்த வழக்கை லண்டன் உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் தள்ளுபடி செய்தது. பெற்றோருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு, ஆனால் அந்தத் தேர்வை வரியில்லாமல் செய்து தரும் கடமை அரசுக்கு இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் போக்கு.

பிரிட்டன் அளவில் அந்த வரியை நான் அநியாயம் என்று சொல்ல மாட்டேன். அங்கே தனியார் பள்ளிகளில் படிப்பவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர்தான். சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 15,000 பவுண்டுக்கு மேல். அந்தச் செலவைத் தாங்கும் குடும்பங்களிடம் கூடுதலாகக் கேட்பதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. கல்வியாண்டின் நடுவில், ஜனவரியில் தொடங்கியதுதான் எனக்கு உறுத்துகிறது. பரீட்சை எழுதப்போகும் பிள்ளையை இடையில் பெயர்த்து வேறு பள்ளியில் சேர்ப்பது எளிதல்ல என்பது வரி போடுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கும். மற்ற நாடுகளின் அனுபவமும் ஒரே மாதிரி இல்லை: நியூசிலாந்தில் பள்ளிக் கட்டணத்துக்கு வரி உண்டு, கிரீஸ் 2015இல் 23 சதவீதம் விதித்து, எதிர்ப்புக்குப் பின் கைவிட்டது.

இனி நம் ஊர்க் கணக்கு. "இந்தியாவில் பள்ளிக்கு வரியே இல்லை" என்பது முழு உண்மை அல்ல. ஒரு சாதாரண மெட்ரிக் பள்ளியில் ஜூன் மாதம் ஒரு குடும்பம் செலவழிப்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டியூஷன் ஃபீஸ், டேர்ம் ஃபீஸ், கம்ப்யூட்டர் ஃபீஸ் ஆகியவற்றைப் பள்ளியே வாங்குவதால் வரி கிடையாது. வேன் கட்டணத்துக்கும் கிடையாது. வேனைப் பள்ளிக்காக ஒப்பந்ததாரர் ஓட்டினாலும் பன்னிரண்டாம் வகுப்பு வரையான பள்ளி என்பதால் அவர் பள்ளிக்குத் தரும் பில்லிலும் வரி இல்லை. பாடப்புத்தகத்துக்கு எப்போதும் வரி இருந்ததில்லை. நோட்டுகளுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் இல்லை. யூனிஃபார்ம் துணிக்கு 5 சதவீதம் உண்டு. பள்ளி வளாகத்திலேயே மாலையில் வெளி நிறுவனம் ஒன்று வந்து நீட், ஜே.இ.இ. என்று அடிப்படை வகுப்பு நடத்தி அதன் பெயரில் பில் கொடுத்தால், அதற்கு மட்டும் 18 சதவீதம். பயிற்சி மையங்களின் மேல் வரி என்பது புதிதல்ல. சேவை வரிக் காலத்தில், 2003லேயே அது தொடங்கிவிட்டது. ஆக, பிள்ளை காலை ஒன்பது மணிக்குக் கற்கும் இயற்பியலுக்கு வரி இல்லை, மாலை ஐந்தரைக்குக் கற்கும் அதே இயற்பியலுக்கு வரி உண்டு. பலரும் இதைக் கவனிப்பதில்லை, ஏனென்றால் பெரும்பாலான பயிற்சி மையங்கள் வரியையும் உள்ளடக்கித்தான் தொகையைச் சொல்கின்றன.

ரசீதில் தெரியாத வரியும் இருக்கிறது. விலக்குப் பெற்ற பள்ளி தான் கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியாது. புதிய வகுப்பறைக்கு வாங்கும் சிமென்ட்டுக்கு 2025 செப்டம்பர் வரை 28 சதவீதம், இப்போது 18. பெஞ்சு, ஸ்மார்ட் போர்டு, கணினி எல்லாவற்றிலும் வரி சேர்ந்தே வருகிறது. கல்வி வாரியங்கள் பள்ளிகளிடம் வாங்கும் இணைப்புக் கட்டணத்துக்கு 18 சதவீதம் உண்டு என்று ஜி.எஸ்.டி. மன்றம் 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் அதில் விலக்குத் தந்தது. இந்தத் தொகையெல்லாம் அடக்கச் செலவில் சேர்ந்து, கடைசியில் கட்டணமாகப் பெற்றோர் தலையில்தான் இறங்குகிறது. ஆகவே கட்டணத்துக்கு வரி விதித்தால் உள்ளீட்டு வரி திரும்பக் கிடைத்துப் பள்ளிக்கு லாபம்தானே என்று வாதிடுவோர் உண்டு. என் மேசைக்கு வரும் கணக்குகளைப் பார்த்துச் சொல்கிறேன்: பள்ளியின் செலவில் பாதிக்கு மேல் சம்பளம். சம்பளத்தில் ஜி.எஸ்.டி. இல்லை, எனவே திரும்பப் பெறவும் ஒன்றுமில்லை. கட்டடம் கட்டும் ஆண்டில் வேண்டுமானால் பள்ளிக்குக் கொஞ்சம் ஆறுதல் கிடைக்கும். மற்ற ஆண்டுகளில் சுமை பெற்றோருக்கே.

அந்தச் சுமையின் அளவு என்ன? 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை தேசிய மாதிரி ஆய்வு நடத்திய கல்விக் கணக்கெடுப்பின்படி, பள்ளிப் படிப்புக்காக ஒரு மாணவருக்கு ஆகும் சராசரிச் செலவு அரசுப் பள்ளியில் 2,863 ரூபாய், அரசு அல்லாத பள்ளிகளில் 25,002 ரூபாய். 25,000 ரூபாயை அப்படியே கட்டணமாக வைத்துக்கொண்டால் 5 சதவீத வரி 1,250 ரூபாய், 18 சதவீதம் என்றால் 4,500 ரூபாய். கானாடுகாத்தானில் அரண்மனை போன்ற வீட்டைச் சென்னையிலிருந்தே பராமரிக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பொருட்டல்ல. ஆனால் புதுவயல் அரிசி ஆலையில் வேலை பார்ப்பவரின் மகனும், கண்டனூரில் தையல் கடை வைத்திருப்பவரின் மகளும் காலையில் அதே மஞ்சள் வேனில் ஏறித்தான் காரைக்குடிப் பள்ளிக்கு வருகிறார்கள். பிரிட்டனில் தனியார் பள்ளி என்ற சொல் கேட்டவுடன் மனத்தில் எழும் குடும்பம் வேறு, இங்கே எழும் குடும்பம் வேறு. அதே கணக்கெடுப்பில் நாட்டின் கிராமப்புறங்களில் மூன்றில் இரண்டு பிள்ளைகள் அரசுப் பள்ளிகளில் இருக்கிறார்கள். நகரங்களில் 30 சதவீதத்தினர்தான். நகரத்தில் பத்தில் ஏழு பேர் செய்யும் தேர்வை ஆடம்பரம் என்று சொல்லி வரி விதிக்க முடியாது.

எந்தப் பள்ளி தனியார் பள்ளி என்று வரையறுப்பதும் இங்கே பெரும்பாடு. செட்டிநாட்டில் பழைய தனவணிகர்கள் கட்டிய பள்ளிகள் பலவும் அரசு உதவி பெறும் பள்ளிகள். கட்டடமும் நிர்வாகமும் அறக்கட்டளையுடையவை, ஆசிரியர் சம்பளம் அரசுடையது. அவற்றில் சில, ஒரே சுற்றுச் சுவருக்குள் தமிழ்வழி வகுப்புகளை உதவி பெறும் பிரிவாகவும் ஆங்கிலவழி வகுப்புகளைச் சுயநிதிப் பிரிவாகவும் நடத்துகின்றன. ஒரே தலைமையாசிரியர் அறை, ஒரே மைதானம், ஒரே குடிநீர்த் தொட்டி. ஒரு வரிசைப் பிள்ளைகளுக்குக் கட்டணம் உண்டு, அடுத்த வரிசைக்கு இல்லை. வரி வந்தால் இந்த வளாகத்தின் மின்கட்டணத்தையும் காவலாளி சம்பளத்தையும் எந்தப் பிரிவின் கணக்கில் எழுதுவது என்பதில் தொடங்கி வழக்குகள் முளைக்கும். எங்கள் தொழிலுக்கு அது நல்ல காலமாக இருக்கும் என்பதை மறைக்கவில்லை.

நியாயம் பற்றிய கேள்விக்கு வருகிறேன். "அரசுப் பள்ளிக்காக வரியும் கட்டுகிறேன், தனியார் பள்ளியில் கட்டணமும் கட்டுகிறேன், இரண்டு முறை கட்டியவனிடம் மூன்றாவதாக ஏன் கேட்க வேண்டும்" என்பது கேள்வி கேட்டவரின் வாதம். உலகெங்கும் பெற்றோர் சொல்லும் வாதம் இதுவே. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. பிள்ளையே இல்லாதவரும் பள்ளிக்காக வரி கட்டுகிறார், பிள்ளைகள் படித்து முடித்து அமெரிக்காவில் குடியேறிய பின்னும் இங்கே வீட்டு வரி கட்டும் ஆச்சியும் கட்டுகிறார். அந்த வரி தன் பிள்ளைக்கு வாங்கிய பண்டத்தின் விலை அல்ல. "என் பிள்ளை அரசுப் பள்ளிக்குப் போகாததால் அரசுக்குச் செலவு மிச்சம்" என்பதும் எப்போதும் சரியாக வராது. நம் பக்கத்துக் கிராமங்களில் இரண்டு ஆசிரியர்களோடு இருபது முப்பது பிள்ளைகளை வைத்து நடக்கும் தொடக்கப் பள்ளிகள் இருக்கின்றன. அதிலிருந்து ஐந்து பிள்ளைகள் வேன் ஏறிப் போய்விட்டால் அரசுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. ஆசிரியர்கள் இருவரும் இருப்பார்கள். சத்துணவு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். மாறாக, விசாரிக்கத் தெரிந்த ஐந்து பெற்றோர் அந்தப் பள்ளியின் மேலாண்மைக் குழுவிலிருந்து காணாமல் போய்விடுவார்கள்.

ஆனால் கட்டணத்தின் மேல் வரி கூடாது என்று நான் நினைப்பதற்கு வேறொரு காரணம் உண்டு. அது இந்த மண்ணின் வழக்கத்திலேயே இருக்கிறது. இங்கே பள்ளிகளும் கல்லூரிகளும் எழுந்தது படிக்கிறவனிடம் வாங்கிய பணத்தில் அல்ல, வியாபாரத்திலிருந்து எடுத்து வைத்த பணத்தில். பழைய பேரேடுகளைப் புரட்டியவர்களுக்கு மகமைக் கணக்கு தெரியும்: கொடுக்கல் வாங்கலில் ஒரு சிறு பங்கைத் தர்மத்துக்கென்று தனிப் பக்கத்தில் வரவு வைத்துக்கொண்டே வருவார்கள், ஆண்டு முடிவில் ஐந்தொகை (இருப்புநிலைக் குறிப்பு) எடுக்கும்போது அது லாபத்தில் சேராது. நகரத்தார் சமூகத்தின் கோயில்களுக்குத் திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி என்று கணக்கிட்டுப் புள்ளி வரி வாங்கும் முறை இன்றும் நடக்கிறது. விருதுநகர்ப் பக்கம் நாடார் சமூகத்தினர் மகமைப் பணத்தில்தான் பள்ளிகளை எழுப்பினார்கள். காமராசர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படி வந்ததே. இவையெல்லாம் ஒரு சமூகம் தன் மேல் தானே விதித்துக்கொண்ட வரிகள். சுமை வியாபாரத்தின் மேல் விழுந்தது, பலன் பிள்ளைக்குப் போனது.

அந்த வழியில் வந்த பெரிய செயல்கள் எல்லோரும் அறிந்தவை. கானாடுகாத்தான் அண்ணாமலைச் செட்டியாரால் 1929இல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடிக்கு வர வேண்டும் என்பதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948 ஜூலை 25 அன்று நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். இதை வெறும் பெருமைக்காகச் சொல்லவில்லை. பர்மாவிலும் மலாயாவிலும் வட்டித் தொழிலில் வந்த பணம் அது என்பதும், அங்கே நிலத்தை இழந்த விவசாயிகளுக்கு இந்தத் தர்மத்தில் பங்கில்லை என்பதும் உண்மையே. ஆனாலும் படிப்புக்கான செலவை யார் தலையில் வைப்பது என்ற கேள்விக்கு அந்தத் தலைமுறை தந்த விடை தெளிவானது.

பின்னாளில் அரசும் ஏறக்குறைய அந்த வழியில்தான் போனது. 1920ஆம் ஆண்டின் சென்னைத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சிகள் கல்வி வரி வசூலிக்க வழி செய்தது. இன்றும் நம் சொத்து வரிக்குள் கல்விக்கான பங்கு ஒன்று இருக்கிறது, அதோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியும் சேர்கிறது. வருமான வரியின் மேல் 2004இல் 2 சதவீதமாகத் தொடங்கிய கல்வித் தீர்வை, 2018 முதல் சுகாதாரத்தையும் சேர்த்து 4 சதவீதமாக நிற்கிறது. ஆக, கல்விக்கென்று வரி ஏற்கெனவே வாங்கப்படுகிறது. அந்த 4 சதவீதம் தீர்வை என்ற வடிவில் இருப்பதால் மாநிலங்களோடு பகிர வேண்டிய தொகுப்பில் சேராது; தமிழ்நாட்டுப் பள்ளிக்கு அதிலிருந்து பணம் வர வேண்டுமானால் ஒன்றியத் திட்டம் ஒன்றின் வழியாகத்தான் வர வேண்டும். அப்படிப்பட்ட ஒரு திட்டத்தின் நிதி, தேசியக் கல்விக் கொள்கை தொடர்பான இழுபறியில் நின்றபோது என்ன ஆனது என்பதை 2025இல் பார்த்தோம்: கல்வி உரிமைச் சட்டத்தின்படி தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டிய 25 சதவீத இடங்களுக்கான சேர்க்கை, ஏப்ரல் மே மாதங்களில் நடக்க வேண்டியது, அக்டோபர் வரை தள்ளிப் போனது. ஜூனில் இடமில்லாத பிள்ளைக்கு அக்டோபரில் கிடைக்கும் இடத்தால் என்ன பயன்? புது வரி போடுவதற்கு முன், வாங்கிய வரி வகுப்பறைக்குப் போய்ச் சேர்கிறதா என்று கேட்பதுதான் முறை.

அப்படியானால் தனியார் பள்ளிகளை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கட்டணத்தின் மேல் வரி கூடாது. ஆனால் கல்வி என்ற பெயரில் சேரும் உபரியின் மேல் இன்று இருக்கும் கண்காணிப்பு போதாது. டி.எம்.ஏ. பாய் அறக்கட்டளை வழக்கில் 2002இல் பதினோரு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கல்வி நிறுவனம் தன் வளர்ச்சிக்கு வேண்டிய நியாயமான உபரியை ஈட்டலாம், கொள்ளை லாபமும் நன்கொடை வசூலும் கூடாது என்றது. 2022 அக்டோபரில் நியூ நோபிள் கல்விச் சங்க வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் இறுக்கிப் பிடித்தது: வருமான வரி விலக்கு வேண்டுமானால் கல்வி மட்டுமே நோக்கமாக இருக்க வேண்டும், லாப நோக்கம் கலந்தால் விலக்குக் கிடையாது. விலக்குப் பெறும் அறக்கட்டளை தன் வருமானத்தில் 85 சதவீதத்தை அந்த நோக்கத்துக்கே செலவிட வேண்டும் என்பது பழைய விதி. தமிழ்நாட்டில் நன்கொடைக்கு எதிரான சட்டம் 1992 முதல் இருக்கிறது; கட்டணத்தை நிர்ணயிக்கும் சட்டம் 2009இல் வந்தது, ஒரு குழு பள்ளிவாரியாகக் கட்டணம் வகுக்கிறது, அது மூன்று கல்வியாண்டுகளுக்குப் பொருந்தும். கல்வி உரிமைச் சட்டமோ நன்கொடை வாங்கினால் அதைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம் என்கிறது.

சட்டத்துக்குக் குறைவில்லை. குறை எங்கே இருக்கிறது என்றால், குழு வகுத்த கட்டணம் ரசீதில் இருக்கும், வாங்கிய கட்டணம் வேறிடத்தில் இருக்கும். வித்தியாசம் "கட்டட நிதி", "ஆக்டிவிட்டி", "ஸ்மார்ட் கிளாஸ்" என்று துண்டுச் சீட்டில் வரும், சில இடங்களில் சீட்டே இல்லாமல் வரும். அறக்கட்டளைக்கு இடம் வாடகைக்கு விடுபவரும், வேன் ஓட்டுபவரும், நோட்டுப் புத்தகம் விற்பவரும் தாளாளரின் குடும்பத்தாராகவே இருந்தால், அறக்கட்டளையின் ஐந்தொகையில் லாபமே தெரியாது. லாபம் அடுத்த வீட்டில் இருக்கும். பள்ளி நடத்துகிற எல்லோரும் இப்படி என்று சொல்லவில்லை. கணக்கைக் கண்ணாடி போல வைத்திருக்கும் நிர்வாகிகள் சிலரை எனக்குத் தெரியும், மற்றவர்களால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் அவர்களே. கட்டணத்தின் மேல் ஜி.எஸ்.டி. போட்டால் மாட்டிக்கொள்வது ரசீது கொடுக்கிற இந்த நேர்மையான பள்ளிதான். துண்டுச் சீட்டு கொடுக்கிற பள்ளிக்கு அது இன்னொரு சாக்கு. குழு வகுத்த கட்டணத்தையும், தாளாளர் குடும்பத்துக்குப் போன வாடகை உள்ளிட்ட தொகைகளையும் ஆண்டுதோறும் பள்ளி வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஓர் ஆணை போட்டால், எந்த வரியைவிடவும் அது நன்றாக வேலை செய்யும்.

பல லட்சம் கட்டணம் வாங்கும் சர்வதேசப் பள்ளிகளுக்கு மட்டும் வரி போடலாமே என்ற யோசனை எனக்கும் ஈர்ப்புடையதுதான். ஆனால் எங்கே கோடு கிழித்தாலும், டியூஷன் ஃபீஸ் கோட்டுக்குக் கீழேயும் குதிரையேற்றம் தனி நிறுவனத்தின் பில்லாகவும் மாறிவிடும். வருவாயும் பெரிதாக இராது. வேண்டாம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்; அதில் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம் என்கிறேன்.

தேர்ந்தெடுக்கும் உரிமை பற்றி ஒரு வார்த்தை. பக்கத்தில் இருக்கும் அரசுப் பள்ளி மேல் நம்பிக்கை இல்லாமல் வேன் ஏற்றுவது தேர்வு அல்ல, வேறு வழியின்மை. தமிழ்நாடு இதில் பிரிட்டனுக்கு நேர்மாறான வழியைப் பிடித்திருக்கிறது: தனியார் பள்ளியின் விலையைக் கூட்டாமல் அரசுப் பள்ளி இடத்தின் மதிப்பைக் கூட்டியிருக்கிறது. 2020இல் மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது, மறு ஆண்டு பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் என்று கல்லூரிக்குப் போகும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வந்தது. இவற்றுக்கு ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் (மாத உதவித்தொகைக்கு, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும்) படித்திருக்க வேண்டும் என்பதால், ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் தனியார் பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வாங்கலாமா என்று கணக்குப் போடும் குடும்பங்கள் எனக்குத் தெரிந்த வட்டத்திலேயே உண்டு. யாரும் அவர்களை வரி போட்டுத் துரத்தவில்லை. ஆனால் ஆசிரியர் காலியிடத்தை நிரப்பாமல் ஊக்கத்தொகையை மட்டும் கொடுத்தால், அவர்கள் திரும்பவும் வேன் ஏறிவிடுவார்கள்.

கட்டணத்துக்கு இருந்த ஒரு சலுகையும் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. பழைய வருமான வரி முறையில் இரண்டு பிள்ளைகளின் டியூஷன் கட்டணத்தை ஒன்றரை லட்ச ரூபாய் வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். 2023-24 முதல் இயல்பாகப் பொருந்தும் புதிய முறையில் அந்தக் கழிவு கிடையாது. வரி கட்டும் அளவுக்குச் சம்பாதிப்பவருக்கு மட்டும் உதவிய சலுகை என்பதால் எனக்கு வருத்தமில்லை. ஆனால் "கட்டணத்துக்கு வரி வருமா" என்று அஞ்சுபவர்கள், முதலில் தாம் எந்த முறையில் கணக்குத் தாக்கல் செய்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

கடைசியாக, மூன்றாண்டு முன்பணம். பிரிட்டனிலும் பலர் இப்படி முந்திக்கொள்ளப் பார்த்தார்கள். 2024 ஜூலை 29க்குப் பின் கட்டிய பணம் 2025 ஜனவரிக்குப் பிந்தைய பருவத்துக்கானது என்றால் வரி உண்டு என்று அறிவிப்பிலேயே கதவைச் சாத்திவிட்டார்கள். இங்கே ஜி.எஸ்.டி. சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி, வரி விகிதம் மாறும் நாளுக்கு முன்பே பில்லும் பணமும் இரண்டும் முடிந்திருந்தால் பழைய விகிதமே பொருந்தும் என்பது பொது விதி. அதை நம்பிக் கட்டுவது கணக்குக்கு ஒத்துவருமா என்று பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 25,000 என்றால், இரண்டாம் மூன்றாம் ஆண்டுகளுக்காக 50,000 ரூபாயை முன்கூட்டிக் கொடுக்கிறீர்கள். வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் அதற்கு ஏறத்தாழ 5,250 ரூபாய் வட்டி. 5 சதவீத வரி வந்தால் மிச்சமாவது 2,500 ரூபாய். 18 சதவீதம் வரும் என்று வைத்தால்தான் கணக்கு மாறும், அதற்கான அறிகுறி எதுவும் இல்லை. இடையில் உங்களுக்கு வேலை மாற்றம் வரலாம், பள்ளி பிடிக்காமல் போகலாம், மீதிப் பணத்தைத் திரும்பக் கேட்க நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

எனவே கட்டாதீர்கள். வற்புறுத்தினால், எந்தக் கல்வியாண்டுக்கு எந்தத் தலைப்பில் எவ்வளவு என்று பிரித்து எழுதி, பள்ளியின் முத்திரையோடு ரசீது கேளுங்கள்; "டெபாசிட்" என்று மட்டும் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அப்படி ரசீது தர மறுத்தால், குழு உங்கள் பள்ளிக்கு வகுத்திருக்கும் கட்டண ஆணையின் நகலைக் கேட்டு, சிவகங்கை மாவட்டத் தனியார் பள்ளிகளுக்கான கல்வி அலுவலரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, ஏற்புச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.